தீனி மாற்றம்

தலையணை உறையில் முயல் நாற்றம் அடித்தது.

சலவைக்கடையில் நாளெல்லாம் நின்று ஊரார் துணிக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். எந்தத் துணி எங்கே கிடந்தது என்று அவள் மூக்கே சொல்லிவிடும். இதுவோ காலையில் புருஷன் தன் கையாலேயே மாற்றிவிட்ட உறை. சோப்பு வாசனைக்கு அடியில் ஈர வைக்கோலும் மூத்திரமும் கூண்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த ரோமத்தின் வாடையும், திரை இழுத்து மூடிய அந்த அறையில், வெளியே விடாமல் பெய்யும் மதிய மழையின் சத்தத்தோடு சேர்ந்து அவளுடைய காய்ச்சல் மூச்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. போர்வையை முகர்ந்தாள். அதிலும் அதே நாற்றம். நைட்டியிலும்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்திராத மனுஷன், இந்தக் காய்ச்சலுக்கு மட்டும் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினான். கஞ்சி, மாத்திரை, காலுக்குத் தைலம். பைத்தியக்காரி, அவளுக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

பின்னறைக் கண்ணாடிக் கூண்டில் கிடக்கும் மலைப்பாம்புதான் அவனுக்குப் பிள்ளை. அது முயலைத் தவிர எதையும் தொடாது. முயல் விற்றவன் கடையைக் கட்டியதிலிருந்து பாம்பு பட்டினி. அவனுக்கும் சோறு இறங்கவில்லை.

திருட்டுத்தனமாக வீட்டுக்குள் முயல் வளர்க்கிறானோ என்ற சந்தேகத்தில் பிராணிக்கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட முயல் ஏதாவது வாங்கினாராண்ணே? வீடே நாறுது."

"முயலுக்கு நான் எங்கம்மா போவேன்? பழைய கூண்டு வைக்கோலத்தான் ஒரு மூட்டை அள்ளிட்டுப் போனாரு. சீக்கிரமா வேற தீனிக்கு மாத்தணும்னாரு. பழைய தீனியோட வாசனையப் புதுசு மேல நல்லா ஏத்திடணும், அவ்ளோதான். அப்புறம் பாம்பு வித்தியாசம் பாக்காது. உடம்பு சூடா இருந்தா இன்னும் நல்லது."

"புதுசுன்னா... என்ன தீனிண்ணே?"

"பன்னிக்குட்டியான்னு கேட்டேன். சிரிச்சாரு. எதுவா இருந்தாலும் கூரா ஒண்ணும் இருக்கக் கூடாது, குடல் கிழிஞ்சிடும்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நேற்று மடியில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நகமாக ஒட்ட வெட்டிவிட்டிருந்தான். காதைத் தொட்டாள். தோடு இல்லை.

போன் நழுவி விழுந்தது.

எழப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே உடம்பு யாருடையதோ மாதிரி கிடந்தது. அந்த மாத்திரை காய்ச்சலுக்கானது இல்லை.

கதவு திறந்தது. தரையில் ஏதோ இழுபட்டது. கனமாக. அவசரமே இல்லாமல். கட்டில் முனகியது. போர்வை மேல் பாரம். முழங்கால். தொடை. வயிறு.

"என்னங்க..."

குரல் உதட்டைத் தாண்டவில்லை.

அவன் ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவே இல்லை. காய்ச்சல் விட்ட குழந்தை இன்றாவது சாப்பிடுமா என்று தவிக்கும் தகப்பனின் கண் அவனுக்கு. அவள் முகத்தில் கிடந்த முடியை மெல்ல ஒதுக்கிவிட்டான்.

"ஒரே ஒரு வாய்டா," என்று கெஞ்சினான். "என் தங்கம்ல?"

அவள் முகத்துக்கு நேரே அது வாயைத் திறந்தது.