மதர் செலஸ்தீன் ஊற்றிய தண்ணீர்

கோட்டுச்சேரியில் அந்த ஓட்டு வீட்டுக்கு நாங்கள் குடிபோனது ஐப்பசி அடைமழையில். முன்னொரு காலத்தில் அது மதர் செலஸ்தீன் என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி நடத்திய மருந்தகம். இளம் வயதில் கப்பலேறி வந்து, தமிழ் கற்று, காலரா நாட்களில் மருந்துப் பெட்டியோடு கிளிஞ்சல்மேடு வரை நடந்தே போனவராம். சொந்த ஊர் திரும்பாமல் இங்கேயே கண்மூடினாராம். எதிர்வீட்டு ஞானசௌந்தரி அக்கா சொன்னார். அவர் ஓய்வு பெற்ற நர்ஸ். கேட்டுக்கொண்டேனே தவிர, எனக்கு ஆவி கீவியில் நம்பிக்கை கிடையாது. கைப்பிள்ளைக்காரிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

எங்கள் நிலாவுக்கு அப்போது ஏழு மாதம். மழைக்காலக் காய்ச்சல்தானே என்று சிரப் கொடுத்துத் தூளியில் போட்டிருந்தேன். மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் இல்லை. நான் அடுப்படியில் இருந்தபோது டிஞ்சர் வாடை மூக்கில் ஏறியது. பிறகு, தூளியை நோக்கி யாரோ பூட்ஸ் காலோடு நிதானமாக நடக்கும் சத்தம்.

எட்டிப் பார்த்தேன்.

யாருமில்லை.

நிலாவின் நெற்றி நனைந்திருந்தது. வியர்வை என்றால் வெதுவெதுப்பாக இருக்கும். இது கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. மேலே ஓட்டில் ஒழுக்கும் இல்லை. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கதிரவன் இதைக் கேட்டுப் பூரித்துப்போனார். கோயில், தர்கா, வேளாங்கண்ணி எதையும் விடாத ஆள். மதரே வந்து பிள்ளையைத் தொட்டிருக்கிறார், அதைப் போய்த் துடைப்பாளா ஒருத்தி என்று என்னைக் கடிந்துகொண்டார். மறுநாள் காலையில் ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி, இன்னொரு தடவை வந்து தொட்டுவிட்டுப் போகும்படி வேண்டிக்கொண்டார். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன்.

அன்று மத்தியானமும் நெற்றி நனைந்தது. இந்தத் தடவை துடைக்கவில்லை.

சாயங்காலம் ஞானசௌந்தரி அக்கா பிள்ளையைப் பார்க்க வந்தார். நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவக்கா."

அக்காவின் குரல் தாழ்ந்தது. "பொழைக்கிற புள்ளைக்கு மதர் மருந்துதான் குடுப்பாங்க. பொழைக்காதுன்னு தெரிஞ்சுட்டா, கோயில் சாமியார் வர்றவரைக்கும் காத்திருக்காம அவங்களே ஞானஸ்நானம் குடுத்துருவாங்களாம். பெத்தவங்ககிட்ட சொல்லமாட்டாங்க. காய்ச்சலுக்குத் தொடைக்கிற மாதிரி நெத்தியில தண்ணி ஊத்துவாங்க. மூணு தடவ."



உள்ளே பூட்ஸ் சத்தம்.

ஓடினேன். நிலாவின் உடம்பு அனலாகக் கொதித்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. உள்ளங்கையால் அவள் நெற்றியை மூடிக்கொண்டேன்.

என் புறங்கையில் சில்லென்று தண்ணீர் விழுந்தது.

"வேணாம் மதர்," என்றேன். "இவ பொழைச்சுக்குவா. எங்கிட்டயே விட்டுடுங்க."

நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே ஆட்டோவில் ஏறினேன். மூளைக்காய்ச்சல் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கை மீறிப் போயிருக்குமாம். பிழைத்துக்கொண்டாள். மதர்தான் முன்கூட்டியே எச்சரித்தார் என்று கதிரவன் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லட்டும். அந்த மெழுகுவத்தியை நினைத்தால் எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வருகிறது, என் மேலும் வருகிறது.

அந்த மாதமே காரைக்கால் டவுனுக்கு வீடு மாறினோம். நிலாவுக்கு இப்போது மூன்று வயது, ஓடியாடித் திரிகிறாள். மத்தியானம் அவள் தூங்கும்போது மட்டும் நெற்றியில் கை வைத்தபடியே பக்கத்தில் படுத்திருப்பேன். பயம் போகவில்லை, அவ்வளவுதான்.

நேற்றும் அப்படித்தான் படுத்திருந்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளங்கைக்கு அடியில் நெற்றி லேசாகச் சுடுவது போலிருந்தது. நிலா கண் விழித்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா," என்று கிசுகிசுத்தாள், "அவங்க ஒன் கைய எடுக்கச் சொல்றாங்க."

நான் எடுக்கவில்லை.