நாற்பதாவது பெயர்

முப்பத்தோராம் கோப்பில், அவள் கூப்பிட்ட பெயருக்கு யாரோ பதில் சொல்லியிருந்தார்கள்.

கிருஷாந்தி ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்து மறுபடியும் ஓடவிட்டாள். முதலில் அவளுடைய குரல், பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருவதுபோல மெல்ல இழுத்து, “மூக்கன்...” என்றது. மூச்சுவிடும் இடைவெளி. இரண்டாவது முறை. மூன்றாவது முறை. அதற்குப் பிறகு வெறுமையாக இருக்கவேண்டிய நான்கு நொடிகளுக்குள், எங்கோ தூரத்தில், சளி கட்டிய தொண்டையோடு ஒரு கிழவர், “வாரேன் தாயி” என்றார்.

எரிச்சல்தான் முதலில் வந்தது. இதையும் திரும்பப் பேச வேண்டும்.

றொசல்ல ரயில் நிலையத்துக்கு மேலே, தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டில், சாமான் அறைதான் அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம். நாலு சுவரிலும் தேயிலைச் சாக்கும் பழைய கம்பளியும் தொங்கின. கதவை அடைத்தால் சாக்குத் தூசியும் ஈரக் கம்பளியின் வாடையும் மூச்சை முட்டும். ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் காற்றாடிகள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மட்டும்தான் அங்கே ஒரு வார்த்தை சுத்தமாகப் பதிவாகும். இன்று ஞாயிறு. கதவு அடைத்திருந்தது. அறைக்குள் ஒரு கிழவரின் குரல் வர வழியே இல்லை.

கல்யாணத்துக்கு முன் கொழும்பில் வானொலி நாடகங்களுக்கு நாயகியாகப் பேசியவள் அவள். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் லக்ஸ்மனைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில், கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தமிழில் செய்யும் ஒரு கொழும்புக் கம்பனி மட்டுமே அவளைத் தேடி வந்தது. வந்து, அவளைச் சாக வைத்தது. அடிபடும் சத்தம் பன்னிரண்டு, விழும் சத்தம் பத்து, தீயில் எரியும் சத்தம் ஆறு. ஒவ்வொன்றும் மூன்று தரம், அதுதான் தொழில்முறை. நல்லதை அவர்கள் பொறுக்கிக்கொள்வார்கள். ஏழு விளையாட்டுகள் முடிந்தும் ஒரு முழு வசனம் கிடைக்கவில்லை. கடைசியில் ஓடும் பெயர்களில் அவள் ‘மற்றும் பலர்’.

“இன்னைக்கு எத்தன தரம் செத்தீங்க, மேடம்?” என்று ஒவ்வொரு ஞாயிறும் லக்ஸ்மன் கதவைத் தட்டிக் கேட்பான். கேட்டுவிட்டு இஞ்சித் தேநீரை வாசலில் வைத்துவிட்டுப் போவான். அந்தத் தேநீர் இல்லாவிட்டால் அவள் எப்போதோ இந்த வேலையை விட்டிருப்பாள்.

இந்த முறை சாவு இல்லை. பனிக்குள் நின்று ஆளைக் கூப்பிடும் பேய்ப்பெண். விளையாடுகிறவர் பட்டியலில் தன் பெயரைத் தேர்ந்தெடுத்தால், பேய் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடும். நாற்பது பெயர் வேண்டும். முப்பதை அனுப்பிய கம்பனிக்காரன் குகநேசன், மிச்சத்தை அவளையே போட்டுக்கொள்ளச் சொன்னான். அவள் யோசிக்கவில்லை. கீழ் லயத்துத் தோட்டத் தொழிலாளர்களின் பெயர்களை வரிசையாக எழுதினாள். ஒன்று குறைந்தது. நாற்பதாவதாகப் புருஷன் பெயரை எழுதிவிட்டாள்.

கட்டிய நாளிலிருந்து அவனை அவள் ‘என்னங்க’ என்றுதான் கூப்பிடுவாள். “ஒரே ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடேன், எங்கிருந்தாலும் ஓடியாந்திடுறேன்” என்று அவன் கெஞ்சாத கிழமை இல்லை. அந்த மூடிய அறைக்குள், யாருக்கும் கேட்காத தைரியத்தில், காது சூடேறக் கூப்பிட்டாள். மூன்று தரமும் அழகாக வந்தது. இவ்வளவு அன்பாக அவள் எந்த நாடகத்திலும் பேசியதில்லை.

திங்கட்கிழமை குகநேசனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“அண்ணே, முப்பத்தொண்ணுல வேற சத்தம் விழுந்திருக்கு. திரும்பப் பேசி அனுப்பட்டுங்களா?”

“நேரமில்லைத் தங்கச்சி. இண்டைக்கே தபாலில போடுங்கோ.”

“அப்புறம் அந்தக் கதாநாயகி... நானும் பேசிக் காட்டியிருந்தேனே.”

“அதுக்கு இஞ்ச ஒரு பிள்ளையைப் பார்த்திட்டம். உங்கட குரல் பேய்க்குத்தான் பொருந்துது. கோவிக்காதேங்கோ.”

அவள் கோபத்தோடு எல்லாவற்றையும் அப்படியே ஒரு சிடியில் ஏற்றி, றொசல்ல தபால் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தாள். பேய்க்கு இவ்வளவு போதும்.

மறுநாள் காலை, வீட்டு வேலைக்கு வரும் வேலாயி நேரம் கழித்து வந்தாள்.

“வாச்சர் மூக்கன் தாத்தாவக் காணோம்மா. நேத்து அந்தியில பனி எறங்கினப்ப ஆத்துப் பக்கமிருந்து ஒரு பொம்பள கூப்பிட்டிச்சாம். ‘வாரேன் தாயி’ன்னு போனவருதான். கம்பு மட்டும் தண்ணியோரம் கெடக்கு.”

கிருஷாந்தியின் கையிலிருந்த தேங்காய்த் துருவல் சட்டிக்குள் போகாமல் நின்றது.

“யாராவது தேவைக்குக் கூப்பிட்டிருப்பாங்க.”

“அப்படித்தான் அவரும் நெனச்சிருப்பாரு. பேய் பிசாசு ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிடாதுங்களே, அதுக்குத்தானே மூணாவது தரம் கேட்டாத்தான் நாங்க கொரலே குடுப்போம். இது மூணு தரமும் கூப்பிட்டிருக்கு.” வேலாயி அரிசியைக் களைந்துகொண்டே தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். “கொரல் ஒங்க கொரல் மாதிரியே இருந்திச்சின்னு லயத்துல பேசிக்கிறாளுக. அந்த அம்மா எதுக்குடி ஆத்துக்குப் போறாங்கன்னு நான்தான் ஏசிவிட்டு வந்தேன்.”

வேலாயி போனபின் அவள் சாமான் அறைக்குள் போனாள். முப்பத்திரண்டு: சிவசாமி. ஸ்டோரில் தேயிலை உலர்த்தும் அடுப்பைப் பார்ப்பவன். காலையில்தான் வாசலோடு கும்பிட்டுவிட்டுப் போனான். அவளுடைய குரல் மூன்று முறை கூப்பிட்டது. பிறகு, கொட்டாவியோடு: “யாருங்க... இந்தா வந்திட்டேன்.”

முப்பத்து மூன்றுக்கு ராக்காயி பதில் சொன்னாள். முப்பத்து நான்குக்கு ஒரு சிரிப்பு. பதிவு செய்த அன்று இவை எதுவும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. எல்லாம் கேட்டு, கடைசியாக நாற்பதைத் திறந்தாள். “லக்ஸ்மன்...” அன்பாக, மூன்று தரம். பிறகு நான்கு நொடி. ஒன்றும் இல்லை. மறுபடி போட்டாள். ஒன்றும் இல்லை. நாற்பதையும் அழித்தாள்.

புதன்கிழமை விடிந்தபோது அவளுக்குக் குரல் இல்லை.

கமறல் இல்லை, வலி இல்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. லக்ஸ்மன் ஹட்டனுக்குக் கூட்டிப்போனான். கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது, பத்து நாள் பேசவே கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ஸ்டோர் வாசலில் கூட்டமாக நின்றார்கள். முந்தின நாள் அந்தியில் போன சிவசாமி வீடு திரும்பவில்லை.

அவள் கொப்பியில் எழுதிக் காட்டினாள். அந்தப் பெயர்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். லக்ஸ்மன் கொழும்புக்குப் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

“எல்லாத்தையும் வெளையாட்டுல ஏத்திட்டாங்களாம். பதில் சொல்ற கொரலெல்லாம் பிரமாதமாம். ஒரு பேருக்கு மட்டும் பதில் இல்லையாம், அதையும் பேசி அனுப்பச் சொல்றாரு.” அவள் முகத்தைப் பார்த்தான். “ஏன்மா, யார் பேரு அது?”

அவள் எழுதினாள். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வராதீர்கள்.

அவன் இரண்டு தரம் வாசித்தான். “நீயாவது, எம் பேரச் சொல்றதாவது.”

அவள் பென்சில் முனை ஒடிய அதன்கீழ் கோடு கிழித்தாள். அவன் அவளுடைய தலையில் கை வைத்து, “சரி, வரல்ல. சத்தியம்” என்றான். கண்ணில் சிரிப்பு அப்படியே இருந்தது.

வியாழன் போயிற்று. அவள் அவனைவிட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பனி இறங்கியது. முதலில் ஸ்டோர் மறைந்தது, பிறகு சவுக்கு மரங்கள், பிறகு வாசல் ரோஜாச் செடிகள்; கண்ணாடி ஜன்னலில் ஈரம் கோடு கோடாக இறங்கியது; கருகின தேயிலை மணம் வீட்டுக்குள் வந்து திரைச்சீலையில் தங்கியது. லக்ஸ்மன் முன்னறையில் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அடுப்பில் பால் பொங்கும் சத்தம். அதை இறக்கத்தான் அவள் குசினிக்குள் போனாள்.

“லக்ஸ்மன்...”

வாசல் பக்கமிருந்து.

பிரஷ் நின்றது.

அவள் பாத்திரத்தை விட்டாள். பால் காலில் கொட்டியது. கத்தினாள். காற்று.

“லக்ஸ்மன்...”

அதே அன்பு. அதே இடைவெளி. அவள் கேத்தலை எடுத்துத் தரையில் அடித்தாள். இன்னொரு தரம் அடித்தாள். தகரச் சத்தம் வீடெல்லாம் ஓடியது.

“லக்ஸ்மன்...”

“கொரல் வந்திருச்சா?” முன்னறையில் அவன் குரல் உடைந்தது, சந்தோஷத்தில். “வாரேன்மா. இந்தா வாரேன்.”

கதவுத் தாழ்ப்பாள்.

அவள் ஓடினாள். முன்கதவு திறந்து கிடந்தது. ஒற்றைச் சப்பாத்து. மாட்டியிருந்த குடை இல்லை. வெளியே, ஆற்றுக்கு இறங்கும் படிகளில், வெள்ளைக்குள் இரண்டு பேர். லக்ஸ்மன் குடையை மறுபக்கம் சாய்த்துப் பிடித்திருந்தான், அவளை நனையவிடாமல் எப்போதும் பிடிப்பதுபோல. பக்கத்தில் நடந்தவள் கிருஷாந்தியின் நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள்.

கிருஷாந்தி குனிந்து பார்த்தாள். அந்தச் சட்டை அவளுடைய உடம்பிலும் இருந்தது.

அவன் திரும்பவில்லை. பக்கத்தில் நடந்தவள் திரும்பினாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வாய் மட்டும் தெரிந்தது. அது திறந்தது.

“கிருஷாந்தி...”

அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. கிருஷாந்தி அதை ஒலிப்பதிவில் பேசவே இல்லை.

“கிருஷாந்தி...”

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கிருஷாந்தி...”

விரல்களுக்கு உள்ளே, மூன்று நாளாக ஒரு சத்தமும் வராத அவளுடைய தொண்டையிலிருந்து, மிகத் தெளிவாக, மிக அழகாக, “வாரேன்” என்று வந்தது.