நகர்கிற கறை

அறையில் ஈரத்துணி நாற்றம் அடித்தது. தரையை மூன்று முறை துடைத்து, ஜன்னல்களைச் சாத்தி, பூந்தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்ட பிறகும் அது எங்கிருந்து வருகிறது என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு தம்பி வீடு திரும்பிப் பன்னிரண்டு நாளாகிறது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை, காற்றில் மிதக்கிற பூஞ்சை மூக்கில் ஏறினாலே உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, அதைத் தடுக்க தினம் இரண்டு மாத்திரை எழுதித் தந்திருந்தார் டாக்டர். அந்த மாத்திரையால் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அதனால் நாலு நாளைக்கு முன்னால், எதிர்ச் சுவரில் கறுப்பாக ஒரு கறை இருக்கிறது என்று தம்பி சொன்னபோது அவள் பயப்படவில்லை. சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அவளுக்கு நிம்மதிகூட வந்தது, பாவம். கறை கூரைக்கு ஏறிவிட்டது என்றான், கதவுக்கு வந்துவிட்டது என்றான், பெரிதாகிறது என்றான். ஒவ்வொரு முறையும் சரி சரி என்று தலையாட்டி, மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். அவன் அவளை வார்டன் என்று கேலி செய்தபடி வாங்கிக்கொண்டான்.

இன்று மத்தியானம் உறை மாற்றுவதற்காகத் தலையணையை உதறியபோது, தையல் விட்ட ஓரத்திலிருந்து என்னவோ உதிர்ந்தது. மாத்திரைகள். ஓரம் கரைந்து, எச்சில் காய்ந்து, இருபதுக்கு மேல்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவனிடம், எத்தனை நாளாக என்று கேட்டாள்.

"முதல் நாள்லேருந்தே. முழுங்கினா குமட்டும் வார்டன், கன்னத்துல ஒதுக்கிக்குவேன். நீ அழுவியேன்னு சொல்லல."

மருந்தே உள்ளே போகவில்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் அவன் பார்த்தது எதை?

போனை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கட்டிலை நெருங்கினாள். நாற்றம் கூடியது. தரையில் இல்லை. துணியில் இல்லை. குனிந்தாள். இன்னும் கூடியது.

"இந்தப் பக்கம் திரும்புடா."

திரும்பினான். தூக்கக் கலக்கம் என்று காலையில் அவள் நினைத்த இடது கண் வீக்கம் இப்போது கன்னம்வரை இறங்கியிருந்தது. பாதி திறந்த அந்தக் கண்ணால் அவளையே பார்த்தான்.

"இப்ப சுவர்ல இல்லக்கா. உன் முகத்துல இருக்கு."

சொல்லிவிட்டு, அவளைத் தேற்றுவதற்காகச் சிரித்தான். திறந்த வாய்க்குள் மேலண்ணம் முழுக்கக் கறுத்திருந்தது.