கூட உட்கார வந்தவள்

கலை, உறங்கும் ஆன்மாவைத் தட்டி எழுப்புகிறது. டாஸ்மேனியத் துறைமுக ஊரொன்றின் கலைக்கூட வாசலில் அப்படித்தான் வெண்கலத்தில் பொறித்திருந்தது. அதற்கு நேர் கீழே நின்று கீலி கொட்டாவி விட்டாள். விடியற்காலையில் பேக்கரி வேலை; பிறகு இங்கே சம்பளமில்லாத பயிற்சி. பள்ளிப் பிள்ளைகளைக் குஷன்களில் உட்காரவைத்து ஓவியம் காட்ட வேண்டும். கல்விப் பிரிவுத் தலைவி க்வெண்டா கையெழுத்திட்டால்தான் பட்டம். இல்லையென்றால் இன்னொரு வருடம் இதே கொட்டாவி.

பிள்ளைகள் எழுந்து போனதும் குஷன்கள் மெல்ல உப்பிக்கொள்ளும். ஒன்று மட்டும் சில நாட்களாக உப்புவதில்லை. நடுவில் குழி, தொட்டால் ஈரம், ஆற்றுச் சேற்றின் வாடை. கீலி அதைத் தட்டி அடுக்கிவிடுவாள். அதற்குமேல் பயப்படத் தெம்பில்லை.

எதிர்ச்சுவரில் பெரிய ஓவியம். ஆற்றங்கரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் சாம்பல் கவுன் பெண். க்வெண்டா கண்டுபிடித்து மாநாடு மாநாடாகத் தூக்கிப்போன முறைப்படி, பிள்ளைகள் அவளை நோக்கிக் கைநீட்டி, "வாங்க, எங்ககூட உக்காருங்க" என்று அழைக்க வேண்டும். திருப்பி அனுப்பவும் ஒரு வார்த்தை வேண்டுமே என்று எந்த மாநாட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மதிப்பீடு. க்வெண்டா பேனாவோடு ஓரமாக நின்றாள். பிள்ளைகளுக்கு விரித்த பாயில் ஷூ ஆகாது. கீலி தன் இடது சாக்ஸின் குதிகால் ஓட்டை தெரியாதபடி காலை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்தாள். ஓவியம் அவள் முதுகுக்குப் பின்னால். பிள்ளைகள் கைநீட்டி அழைத்தார்கள்.

"மிஸ், அவங்க திரும்புறாங்க," என்றான் டார்சி என்ற பொடியன்.

கீலியின் பிடரி சில்லிட்டது. "நல்லா பாத்திருக்கே. வேற என்ன தெரியுது?"

"எந்திரிச்சு வர்றாங்க. நனைஞ்சிருக்காங்க."

"பஸ்ல வரும்போது திமிங்கலம் பாத்தேன்னவன்தானே நீ," என்றாள் பக்கத்துச் சிறுமி.

"இங்க தப்பான பதிலே கிடையாது, கண்ணு," என்று க்வெண்டா குறுக்கிட்டாள்.

டார்சி கீலியின் தோளுக்குப் பின்னால் பார்த்தான். "உங்க இடம் வேணுமாம், மிஸ்."

"அதுக்கென்ன," என்றாள் கீலி, திரும்பாமலேயே. "குடுத்துட்டாப் போச்சு."

க்வெண்டா பூரித்துக் கையெழுத்திட்டாள். "திரும்பிக்கூடப் பாக்கல பாரு, அதான் தொழில் பக்தி."

எல்லோரும் போனபின், அங்கே குளிர்காலமான ஜூலையின் மாலை சீக்கிரமே இருட்டி, ஹீட்டரின் முனகல் அடங்கி, வெளியே படகுக் கயிறுகள் கம்பத்தில் மோதும் ஓசை மட்டும் மிஞ்சியிருக்க, கீலி குஷன்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே வந்தாள். சேற்று வாடையும் கூடவே நெருங்கி வந்தது. கடைசிக் குஷன். குழி ஆழமாகிக்கொண்டிருந்தது. சாம்பல் துணியின் ஓரம். சொட்டும் நீர். ஒரு முதுகு.

அது திரும்பியது.

கீலியின் முகம்.

பிறகு குளிர். மடித்த காலடியில் ஈரப்புல். எதிரே ஆறு. கழுத்து அசையவில்லை. விடிந்ததும், முதுகுக்குப் பின்னால், பிள்ளைகள் வந்து உட்காரும் சத்தம். அவளுடைய குரலேதான், கொட்டாவி இல்லாமல், கேட்டது: "என்ன தெரியுது?"

"படத்துல இருக்குற அக்கா சாக்ஸ்ல ஓட்டை."

"நல்லா பாத்திருக்கே. வேற?"

வேறொன்றும் தெரியவில்லை. ஓட்டை இடது குதிகாலில் இருந்தது.