பதினேழில் அசையும் விரல்

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே மகன். மகன் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் மூன்று பேர்தான்.

மூன்று மணிக்குப் பையனின் அறையிலிருந்து ஒரு பீப் சத்தம் கேட்டது.

கூடத்தில் இருந்த தம்பி செய்தித்தாளை மடித்து வைத்தான். பினாயில் ஊற்றிக் கழுவிய தரையின் நெடிக்கு அடியில், எட்டு மாதம் அந்த அறையில் குடியிருந்த ஈரத்துணி வாடை கதவிடுக்கு வழியே மெல்ல வந்து அவன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. மறுபடியும் ஒரு பீப். பையனின் காலில் மின்சாரம் செலுத்தும் வைத்தியக் கருவி அது. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒரு பீப். மின்சாரம் ஓர் அளவு கூடும்.

பையன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு உடைந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை; சிறுநீர் தானாகக் கசிந்துவிடும். பிசியோதெரபிஸ்ட் பெண் அவன் கணுக்காலில் கருவியின் இரண்டு பட்டைகளை ஒட்டிக் காட்டினாள். "இந்த நரம்பும் சிறுநீர்ப்பை நரம்பும் முதுகுல ஒரே எடத்துல சேருது சார். ஊசி எதுவும் கிடையாது. கட்டைவிரல் சுண்டினா சரியா வச்சிருக்கோம்னு அர்த்தம்." பதினேழாவது அளவில் விரல் சுண்டியது. தினமும் அரை மணி நேரம். சில வாரங்களில் பெரும்பாலான நாள் படுக்கை காய்ந்தே இருந்தது.

பட்டை ஒட்டுவது காலில் என்பதால் பொய் சுலபமாகக் கிடைத்தது. கால் வைத்தியம் என்று தம்பி எல்லோரிடமும் சொன்னான், மனைவியிடமும். அவள் வாயில் ரகசியம் தங்காது. அப்படிச் சொல்லச் சொன்னவன் நான். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது.

அவள் தினமும் கால்மாட்டில் உட்கார்ந்து விரலையே பார்ப்பாள். "நடந்துடுவான்" என்பாள்.

"பிடிச்சுக்கோம்மா. நான் இங்கயே கிடக்க, வெரல் மட்டும் தனியா ஓடிடப் போகுது" என்று பையன் சிரிப்பான். அவள் எழுந்து போனதும் குரலைத் தாழ்த்துவான். "அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா. புதுச் செருப்பு வாங்கி வச்சிருக்காங்க."

தம்பி சொல்லவில்லை. பையன் நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் போய்விட்டான். மறுநாளே தகனம் முடிந்தது.

ஒன்பதாவது பீப். பத்து. தம்பி எழுந்தான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கருவியின் இரண்டு பேட்டரிகளும் அங்கேதான் இருந்தன. பதினோரு நாளாக.

பதினான்கு. கதவைத் தள்ளினான்.

கட்டிலின் கால்மாட்டில் அவள். கைகள் இரண்டும் மடியில். தரையில் புதுச் செருப்பு, ஜோடியாக. கட்டில் முழுக்க வெள்ளை விரிப்பு. அதன்மேல் கருவி. ஒயர்கள் விரிப்புக்கு அடியில் போயின.

பதினாறு.

பதினேழு.

விரிப்பின் கீழ்முனை உயர்ந்து தாழ்ந்தது. ஒரு விரல் அளவு.

"பாத்தீங்களா? இன்னும் அசையுது. நடந்துடுவான்லங்க?"

எட்டு மாதமாகத் தம்பி மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. "அது காலுக்கு இல்லடி. மூத்திரத்துக்கு. நடக்க மாட்டான். அவனுக்கே தெரியும்."

அசைவு நின்றது.

அவள் செருப்பைப் பார்த்தாள். நெடுநேரம்.

பிறகு விரிப்பின் நடுவில் ஓர் ஈரப் புள்ளி. காசளவு. கையளவு. பரவிக்கொண்டே.

அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"சூடா இருக்குங்க."

செத்தவன் எழுந்து நடந்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எங்கள் வீட்டுப் பிள்ளை நடக்கவில்லை. படுத்தேதான் இருக்கிறான். தினமும் மூன்று மணிக்குத் தம்பிதான் துணி மாற்றுகிறான்.