முழுப் பிரதி

நாலாவது பாட்டு ஒரு மூச்சின் பாதியில் நின்றுவிட்டது.

உள்ளே இழுத்த மூச்சு. வெளியே விடவில்லை. லண்டனில், மனோர் பார்க்குக்குப் போகும் ரயிலில் கதவோரமாக நின்றுகொண்டு, ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அது வெளியே வருமென்று கம்சிகா காத்திருந்தாள். வரவில்லை. தொலைபேசித் திரையில் பாட்டின் நேரம் 6:40 என்று நின்றிருந்தது. தானும் அதுவரை மூச்சை விடாமலே நின்றிருந்தது நெஞ்சு இறுகியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கொப்பியை எடுத்து எழுதினாள்: ‘4. அறுந்திருக்கிறது. பிழையான பிரதி?’

பகலில் அவள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகள் பார்ப்பவள். மதியச் சாப்பாட்டு மேசையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் கழுத்துவரை சிவந்துபோவாள். ஆனால் நிலவறையிலும் தகரக் கொட்டிலிலும் இருந்துகொண்டு ஐம்பது கசெட்டுக்கு மேல் வெளியிடாத மெட்டல் இசைக் குழுக்களைப் பற்றி எழுதச் சொன்னால் நானூறு சொல் தடையில்லாமல் வரும். நோர்பரியில் இருக்கும் லதீசன் நடத்தும் இணையத்தளத்துக்கு எழுதினாள். அங்கே அவளுக்கு முழுப் பெயர் கிடையாது, இரண்டு எழுத்துத்தான். எதையும் மூன்று முறை கேட்பாள். முதல்முறை ரயிலில், மற்றவர்கள் கேட்கிறமாதிரி. இரண்டாம் முறை வீட்டில், விளக்கை அணைத்துவிட்டு. மூன்றாம் முறை மடிக்கணினியில் ஒலியின் அலைக்கோட்டைத் திறந்து வைத்து, நிமிடம் நொடி குறித்து. அதற்குப் பிறகுதான் ஒரு சொல் எழுதுவாள். வாசகர்கள் அவளை நம்பியது அதற்காகத்தான்.

இந்தக் குழுவின் பெயரை யாராலும் வாசிக்க முடியவில்லை. பிடுங்கிப்போட்ட பூண்டின் வேர் மாதிரி எழுத்து. லதீசன் பட்டியலில் ‘வேர்க்காரர்’ என்று போட்டிருந்தான். ஊர் இல்லை, முகம் இல்லை, ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும். முதல் மூன்று பாட்டும் நன்றாகவே இருந்தன. கிட்டார், தகரக் குழாயில் சரளைக்கல் கொட்டுகிறமாதிரி. நாலாவதில் கிட்டாரும் இல்லை, மேளமும் இல்லை. மூடிய அறையொன்றில் வயதான ஓர் ஆள் மூச்சு விடுகிறார், அவ்வளவுதான். இப்படி மழையும் காற்றும் மூச்சும் வைத்து முடிப்பது இந்த இசையில் புதிதல்ல. ஆனால் இது நடிப்பில்லை. நடிக்கிறவனின் மூச்சு இவ்வளவு கஞ்சத்தனமாக வராது.

அன்று பின்னேரமே, பழுதான பிரதி வந்தால் எப்போதும் செய்வதைச் செய்தாள். அனுப்பியவர்களுக்கு எழுதினாள். நாலாவது பாட்டு 6:40இல் அறுகிறது. முழுவதையும் அனுப்புங்கள். முழுதாகக் கேட்காமல் நான் விமர்சனம் எழுதுவதில்லை.

கீழே இறங்கி வந்தபோது முன்னறைக் கதவு திறந்திருந்தது. படி ஏற ஏலாமல் போனபின் அப்பாவின் கட்டில் அங்கேதான். இராஜேந்திரன் லண்டனுக்கு வருமுன் ஜேர்மனியில் இரும்பு வார்க்கும் ஆலையொன்றில் பதினொரு வருடம் வேலை செய்தவர். அந்த மணல்தூசு இப்போது அவருடைய சுவாசப்பையில் இருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒட்சிசன் மெசினின் குழாய் மூக்கில். ஒவ்வொரு மூச்சுக்கும் மெசின் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். பிறகு ‘புஸ்’.

“உந்த இரும்புக்கடையைச் சாத்து பிள்ளை.”

“ஹெட்போன் போட்டுத்தானே அப்பா கேக்கிறன்.”

“போட்டும் கேக்குது. இந்தச் சத்தத்தைக் கேக்கிறதுக்கு எனக்கு அவங்கள் சம்பளம் தந்தவங்கள். நீ சும்மா கேக்கிறாய்.”

கம்சிகா வாசலில் சாய்ந்து நின்று சிரித்தாள். “சரி அப்பா.”

“அந்தாளுக்கு இளைக்குது, கதை குடுக்காதை,” என்று குசினிக்குள் இருந்து அம்மா செல்வமலர் சத்தம் போட்டாள்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. ‘மன்னிக்கவும். இன்னும் பதிவாகி முடியவில்லை. இதுவரை உள்ளதை அனுப்புகிறோம்.’ இணைப்பில் நாலாவது பாட்டு மட்டும். 8:15.

வேலையால் வந்து மேலே தன் அறையில் விளக்கை அணைத்தாள். மார்கழி. நாலரைக்கே யன்னல் கறுத்துவிட்டது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து படுத்தாள். 6:40இல் அந்த மூச்சு வெளியே வந்தது. அவளுடைய தோள்கள் தளர்ந்தன. அடுத்த மூச்சு. அதற்கடுத்தது. அப்போதுதான் மூச்சுக்கு அடியில், ரயில் இரைச்சலில் முதல்நாள் தப்பிப்போன ஒன்று கேட்டது.

டக். புஸ்.

ஹெட்போனைக் கழற்றினாள். தரைப்பலகைக்குக் கீழே முன்னறையில் மெசின் இரைந்தது. அந்தச் சத்தம்தான் ஹெட்போனுக்குள் ஏறியிருக்கிறது என்று நினைத்தாள். மறுபடி போட்டாள். காதுக்குள் ஒரு டக், தரைக்குக் கீழே இன்னொரு டக். இரண்டும் சேர்ந்து விழவில்லை.

பிறகு ஒரு நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரியும் ஈரச் சத்தம், மிகக் கிட்டத்தில்.

“உந்த இரும்புக்கடையைச் சாத்து பிள்ளை.”

நேற்றைய பேச்சு எல்லாம் இருந்தது. ஹெட்போன், சம்பளம், சும்மா. கடைசியில் தூரத்தில், கிணற்றுக்கு அப்பால் நின்று சொல்வதுபோல், சிரித்தபடி ஒரு பெண்: “சரி அப்பா.”

அவள் லதீசனுக்குத் தொலைபேசி எடுத்தாள். எழுதுவதுதான் அவளுக்கு வழக்கம். எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க இன்று முடியாது.

“லதீசன் அண்ணை, வேர்க்காரரின்ர நாலாவது பாட்டைக் கேட்டனீங்களோ?”

“எந்த நாலாவது? மூண்டுதானே.”

“எனக்கு நாலு வந்தது.”

“அப்ப உமக்கெண்டு ஸ்பெஷலாப் போட்டிருக்கிறாங்கள்.” லதீசன் சிரித்தான். “ஒவ்வொரு பிரதிக்குள்ளயும் ஆளின்ர பேரை ஒளிச்சு வைச்சுத்தானே அனுப்பிறவங்கள். ஆர் களவா வெளியில விட்டதெண்டு பிடிக்க. நாலாவதில என்ன கிடக்கு?”

அவள் சுவரைப் பார்த்தாள். “அப்பா.”

லதீசன் சிரிப்பதை நிறுத்தினான்.

“கம்சி, நீர் நித்திரை கொண்டு எத்தினை நாள்? கொப்பாவோட நிண்டு நிண்டு உமக்கும் ஏலாமப் போச்சு. உந்த ரெக்கோர்டை விடும். மார்கழியில ஒருத்தரும் வாசிக்கிறேல்லை.”

கீழே போய் முன்னறையைத் தேடினாள். திரைச்சீலைக்குப் பின்னால். மேசை விளக்குக்குள். மெசினின் அடியில். முழந்தாளிட்டுக் கட்டிலின் கீழே.

“என்ன துலைச்சனி?” என்றார் அப்பா.

“ஊசி ஒண்டு.”

“கட்டிலுக்குக் கீழ ஊசியோ. அப்ப நான் எழும்பி ஓடத்தான் வேணும்.” சிரிக்கப் போய் இருமினார்.

அவள் படித்தது அறிவியல். தூரம் கூடக் கூடச் சத்தம் எப்படிக் குறையும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பதிவில், வாசலில் நின்ற தன் குரலையும் அப்பாவின் குரலையும் அளந்து, கொப்பியில் கூட்டிப் பெருக்கிப் பார்த்தாள். மூன்று தடவையும் ஒரே விடை. ஒலிவாங்கி அப்பாவின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது. சுவர்ப் பக்கம்.

கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அப்பா கண்ணயர்ந்த பிறகு அதற்குள் கையை விட்டுத் துழாவினாள். தூசு. கசங்கிய ரிசுத் தாள் ஒன்று. குளிர்ந்த சுவர். வேறொன்றும் இல்லை. கையை வெளியே எடுத்தபோது புறங்கை மட்டும் வெதுவெதுப்பாக, இலேசாக ஈரமாக இருந்தது. வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் எதிர்ப்பக்கச் சுவரில்.

வியாழக்கிழமை காலை அம்மாவையும் பிடிக்கச் சொல்லிக் கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்தாள். சுவரில் ஈரம் கசிகிறது என்று பொய் சொன்னாள். “தேர் இழுக்கிறியளோ,” என்றார் அப்பா. “ரெண்டு தேங்காயையும் உடையுங்கோ.” ஆய்வுகூடத்துக்கு லீவு சொன்னாள். பிறகு வேர்க்காரருக்கு எழுதினாள். எனக்கு வேண்டாம். நான் விமர்சனம் எழுதவில்லை. தயவுசெய்து பதிவை நிறுத்துங்கள்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘முழுவதையும் கேட்டது நீங்கள்.’

இணைப்பில் 11:52. அதில் கட்டிலின் கால்கள் தரையில் உராயும் சத்தம் இருந்தது. தேர் இருந்தது, தேங்காய் இருந்தது. கட்டில் எவ்வளவோ நகர்ந்திருந்தது. தூரம் அதே ஒரு சாண்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அம்மா கோயிலுக்குப் புறப்பட்டாள்.

“இண்டைக்குப் போகாதேங்கோவன்.”

“ஏன்? அப்பாவுக்கு ஒரு அருச்சினை செய்விச்சுக்கொண்டு ஓடி வாறன். ஆறு மணிக்குள்ள நிப்பன்.”

கம்சிகா வாசல்வரை பின்னால் போனாள். கதவு சாத்தியது. தெருவில் அம்மாவின் சப்பாத்துச் சத்தம் சேர்ச் ரோட்டை நோக்கித் தேய்ந்தது. யன்னலில் தெருவிளக்கின் மஞ்சள் திரைச்சீலை ஓரமாக வழிந்தது. சாம்பிராணியும் அப்பாவின் மார்பில் பூசிய தைலமும் சேர்ந்த மணம். டக். புஸ்.

நாலரைக்கு மின்னஞ்சல் வந்தது. ஒரு சொல்லும் இல்லை. இணைப்பு மட்டும்.

19:06.

கேட்கமாட்டேன் என்று முடிவெடுத்தாள். ஆனால் எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. அப்பாவின் கட்டிலருகே கதிரையைப் போட்டு, மடிக்கணினியை முழங்காலில் வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு அலைக்கோட்டைத் திறந்தாள். மூன்றாம் முறை செய்கிறமாதிரியே.

மூச்சுகள் சின்னச் சின்னக் குன்றுகளாக வரிசையில் நின்றன. இழுத்தது ஒன்று, விட்டது ஒன்று. போகப் போகக் குன்றுகளுக்கு இடையே தூரம் கூடியது. ஓரிடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, ஏதோ பெரிய சத்தம். அதற்குப் பிறகு ஒன்பது குன்று. பிறகு இல்லை.

அவள் எண்ணினாள். ஒன்பதுதான்.

கோட்டைப் பெரிதாக்கினாள். அப்போதுதான் மற்றதைக் கண்டாள். அப்பாவின் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில், மண்புழு நெளிந்தமாதிரித் தட்டையாக, இன்னொரு குன்று. மெசினாக இருக்கும் என்று பார்த்தாள். மெசினோடு அது சேரவில்லை. தொடக்கத்துக்கு இழுத்துப் போனாள். முதல் நொடியிலிருந்தே அது இருந்தது. முடிவுக்கு இழுத்துப் போனாள். ஒன்பதாவது குன்றுக்குப் பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது. 19:06 வரைக்கும். ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அவசர எண்ணுக்கு அடித்தாள். மூச்சு விடுகிறாரா என்று ஒரு பெண் கேட்டாள். விடுகிறார். சுயநினைவு இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் புதிதாக என்ன நடந்தது?

கம்சிகா திரையில் நின்ற ஒன்பது குன்றையும் பார்த்தாள். விரைவாக வரும்படி மட்டும் சொன்னாள்.

வாகனம் அனுப்புவதாகவும், வந்துசேர இன்றைக்குச் சுணங்கும் என்றும் அந்தப் பெண் சொன்னாள்.

“ஆரோட கதைக்கிறாய்?” அப்பா கண் திறந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

“ஒருத்தருமில்லை அப்பா.”

“அம்மா வந்திட்டாவோ?”

“வாறா.”

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தார். “கட்டிலைத் திருப்பிச் சுவரோட விடு பிள்ளை. இப்ப அது ரெண்டு பக்கத்தாலயும் வருகுது.”

“எது அப்பா?”

அவர் அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழும்பினாள். முழங்காலில் மடிக்கணினி இருப்பதை மறந்துபோனாள். அது சரிந்து, மரத்தரையில் முகங்குப்புற விழுந்தது. சத்தம் வீடு முழுக்க அதிர்ந்தது.

நெட்டுக்குத்தாக ஒரு கோடு.

“அப்பா.”

ஒன்று.

கையைப் பிடித்தாள். குளிர். இரண்டு. தலையணையை உயர்த்தினாள். மெசினின் திருகியைக் கடைசிவரை கூட்டினாள். மூன்று. நாலு. யன்னலுக்கு ஓடித் திரைச்சீலையை விலக்கினாள். தெரு வெறுமையாகக் கிடந்தது. நீல விளக்கு இல்லை. ஐந்து. திரும்பி ஓடி வந்தாள். “அப்பா, என்னைப் பாருங்கோ. இரும்புக்கடையைச் சாத்திப்போட்டன். இஞ்ச பாருங்கோ.” ஆறு. நெடுநேரம். ஏழு. எண்ணக்கூடாது என்று நினைத்தாள். எண்ணாமல் இருக்க வரவில்லை.

எட்டு.

இனி வராது என்று நினைத்தபோது, நெஞ்சு மெல்ல உயர்ந்தது. உள்ளே இழுத்த மூச்சு. அவள் காத்திருந்தாள். ரயிலில் கதவோரமாக நின்றதுபோல, தானும் மூச்சை அடக்கிக்கொண்டு.

வெளியே வந்தது.

ஒன்பது.

மூச்சு வராததால் மெசின் அலறத் தொடங்கியது. அவள் சுவிட்சை அணைத்தாள். அறை அமைதியானது. மெசினும் இல்லை. அப்பாவும் இல்லை. அவளும் இன்னும் மூச்சை விடவில்லை.

கட்டிலின் அந்தப் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

விட்டார்கள்.

அவள் அசையவில்லை. தரையில் குப்புறக் கிடந்த மடிக்கணினியைச் சுற்றி மெல்லிய வெளிச்சம். அதில் கட்டிலின் கால்கள் தெரிந்தன. யன்னலால் விழுந்த தெருவிளக்கின் மஞ்சளிலும் வேறெவரும் தெரியவில்லை.

அடுத்தது தலைமாட்டில் கேட்டது. கொஞ்சம் பெரிதாக.

அடுத்தது கட்டிலின் இந்தப் பக்கம்.

நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. விடக்கூடாது. விட்டால் அதுதான் அவளுடைய பதிவின் முதலாவது மூச்சு. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மரத்தரை முனகவில்லை. காலடி கேட்கவில்லை. இடது கன்னம் மட்டும், ரேடியேட்டர் இல்லாத பக்கம், மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகி ஈரமானது.

ஒரு சாண் தூரத்தில், அது அவளுக்காகக் காத்திருந்தது.