கடலுக்கு மேல் ஒரு பிறை

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் காலை, பாண்டிருப்பிலிருந்து தக்சாயினி சுல்பிகாவின் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"மிஸ், நான் களவெடுத்தன் என்டு சொல்றாங்க. பின்னேரம் பொலிஸுக்குப் போறாங்களாம். அடுத்த மாசம் எனக்கு அரசாங்கக் கந்தோர் வேலைக்கு நியமனம் வரும். பொலிஸில பேர் விழுந்தா அது போயிரும்."

சுல்பிகா நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் காணிச் சண்டைகளில் புளுகு கேட்டுப் புளித்த காது அவருடையது. அவருடைய தம்பி இன்பாஸ் ஆட்டோ ஓட்டுபவன். அக்காவிடம் யாராவது இப்படி வழக்கோடு வந்தால் சவாரியை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான். அன்றும் வந்தான்.

விஷயம் இதுதான். மருதமுனை முஸ்பிறாவின் இளைய மகள் றிஸ்லாவுக்குக் கல்யாணம். தக்சாயினி அங்கே போய் உடுப்புத் தைத்துக் கொடுத்து வந்தாள். இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் வீட்டார் பிறை பார்க்க மாடிக்கு ஏறினார்கள்; அவள் வீட்டுக்குப் புறப்பட்டாள். அந்தப் பத்து நிமிடத்தில் அலுமாரியிலிருந்த வீட்டு உறுதிப் பத்திரம் காணாமல் போயிற்று. அது றிஸ்லாவுக்குச் சீதனமாக எழுத இருந்த வீடு.

"நீங்க பிறையைக் கண்டீங்களா?" என்று சுல்பிகா கேட்டார்.

"ஓம் மிஸ். வெளியில வரக்குள்ள வயல் பக்கம் மெல்லிசாத் தெரிஞ்சிச்சு."

"உறுதியத் தேடாம பிறையத் தேடுறீங்களே ராத்தா," என்றபடி இன்பாஸ் ஆட்டோவை எடுத்தான். சுல்பிகாவும் தக்சாயினியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

முஸ்பிறா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "நான் என்ட கண்ணால கண்டன். பிறை வயல் வாய்க்காலுக்கு மேல தெரிஞ்சிச்சு. கீழ பாத்தா இவ பின்கேற்றால துணி மூட்டையோட போறா. சுனாமிக்குப் பிறகு எங்கட சாமான்களத் துணியில கட்டித் தூக்கிட்டுப் போனவங்கள நான் பாத்துக்கிட்டு நின்டவ. எனக்குக் களவு தெரியாதா?"

"அது கஞ்சி உம்மா. நான்தான் குடுத்தன்," என்றாள் றிஸ்லா.

"கூட்டாளிக்காகப் பொய் சொல்லாத."

மூத்த மருமகன் பஸால் பேருவளைக்காரர். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான். அவர் மட்டும் மாடிக்கு ஏறவில்லை.

"நான் நேரே பீச்சுக்குப் போய்ட்டேன். அங்கதான் பிறை பார்த்தேன். கடலுக்கு மேல, தண்ணியத் தொடுற மாதிரி, அவ்வளவு வடிவு," என்றார்.

சுல்பிகா தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இன்பாஸ், நம்மட கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்க."

"தலைப்பிறை?"

"மேற்க. வயல் பக்கம்..." இன்பாஸ் பாதியில் நிறுத்திவிட்டுப் பஸாலைத் திரும்பிப் பார்த்தான்.

"பேருவளையில கடல் மேற்க. சின்ன வயசிலருந்து இவர் பிறையக் கடலுக்கு மேலதான் கண்டிருப்பார். அண்டைக்கு இவர் பீச்சுக்கும் போகல்ல, பிறையும் பாக்கல்ல. பொய் சொல்லக்குள்ளயும் மனிசன் தான் கண்டதில இருந்துதான் எடுப்பான். எல்லாரும் மேல இருந்த நேரம் கீழ இருந்தது இவர்தான். உறுதி எங்க தம்பி?"

பஸால் எழுந்து போய் மோட்டார்சைக்கிளின் சீற்றைத் திறந்து உறுதியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "மூத்தவளுக்குச் சின்ன வளவுக் காணி, இளையவளுக்கு இந்த வீடா என்டு யோசிச்சேன் மாமி. கல்யாணத்துக்கு முந்தி இத எழுத ஏலாமப் போகட்டும் என்டுதான் எடுத்தேன்," என்றார்.

முஸ்பிறா உறுதியை மேசையிலிருந்து எடுத்தார். "அவர் பொய் சொன்னார். நான் பொய் சொல்லல்ல. நான் கண்டன்."

"கண்டது துணி மூட்டை முஸ்பிறா. உள்ளுக்க இருந்தத உங்கட மனசுதான் போட்டிச்சு. அவர் பேருவளைக் கடலப் போட்டார், நீங்க சுனாமியப் போட்டீங்க. வெளியில இருந்தத ரெண்டு பேருமே பாக்கல்ல."

வாசலோரம் நின்ற தக்சாயினி துணிப்பையை அவிழ்த்தாள். உள்ளே மூடி போட்ட ஒரு சட்டி, பளபளவென்று கழுவியிருந்தது. முஸ்பிறாவின் சட்டிதான்; மூடியில் அவருடைய வீட்டு நீலப் பூச்சுக் குறிகூட இருந்தது.

"இதத்தான் கொண்டு போனன் மாமி. பெருநாளண்டு காலையில குடுக்க வந்தன். என்னக் கண்டுட்டு நீங்க கேற்றத் திறக்கல்ல," என்றாள்.